முதல் சூடு யாருக்கு

பேக்கரிக்காரர் மேஜைமேல் தன் இடது கையை நீட்டி, "ஒட்டு, பாத்துடலாம்" என்று மகளுக்குச் சவால் விட்ட இடத்தில் போன வாரம் விட்டோம். ஒட்டியாகிவிட்டது. சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிய வெள்ளை வட்டம் ஒன்று அவர் மேல்கையின் பின்பக்கம் உட்கார்ந்துகொண்டது. தோலுக்கடியில் மயிரிழை போல ஒரு கம்பி. உடம்பில் சர்க்கரை ஏறுவதையும் இறங்குவதையும் அந்தச் சென்சார் கோடாக வரைந்து ஃபோனுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும்.

அவருடைய ஃபோனுக்கு மட்டும் அனுப்பினால் பரவாயில்லை. மனைவியின் ஃபோனுக்கும் மகளின் ஃபோனுக்கும் சேர்த்தே அனுப்பியது.

ஒட்டிய அன்றே அதன் குணம் தெரிந்துவிட்டது. பின்கட்டில் அடுப்போரமாக நின்று, யாரும் பார்க்கவில்லை என்ற தைரியத்தில் ஒரு க்ரீம் பன்னை வாயில் போட்டுக்கொண்டார். போட்டுக்கொண்டதை மறந்தும்விட்டார். கொஞ்ச நேரத்தில் முன்கடையிலிருந்து மனைவியின் ஃபோன். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு சுவர்தான். கோடு ஏறுகிறதே, எதைத் தின்றீர்கள் என்று மட்டும் கேட்டாள்.

"கல்யாணமாகி இத்தனை வருஷத்துல இவ என்னைச் சந்தேகப்பட்டதே இல்ல. இப்ப என் ரத்தமே என்னைப் போட்டுக்கொடுக்குது" என்று அவர் பிசைந்துகொண்டிருந்த மாவிடம் முறையிட்டார்.

மனைவியை ஊரே கல்லாக்காரம்மா என்றுதான் கூப்பிடும். காலையில் கல்லாவில் உட்கார்ந்தால் கடை சாத்தும்வரை எழுந்திருக்க மாட்டாள். மகளுக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு: தவிடு. சின்ன வயதில் "நான் எப்படிப் பொறந்தேன்?" என்று கேட்டபோது, எல்லா வீட்டு அப்பாக்களையும் போல அவரும் "உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்" என்று சொல்லியிருந்தார். அந்தப் பெண் வளர்ந்து சத்துணவு பற்றிப் படித்துப் பட்டம் வாங்கி வந்து, "அப்பா, நம்ம கடைக்குத் தவிடு வாங்கணும்" என்று ஆரம்பித்தபோது, தன் வாய்க்குத் தானே ஆப்பு வைத்துக்கொண்டதாக நினைத்தார்.

இப்போது சண்டை எதைப் பற்றி என்றால், அடுப்பின் முதல் சூட்டைப் பற்றி.

அவர்களுடையது செங்கல் அடுப்பு. விடிவதற்கு முன்னால் விறகைப் போட்டுக் கல் முழுக்கச் சூடேற்றி, தணலை வாரி வெளியே எடுத்தபிறகு உள்ளே நிற்பது முதல் சூடு. ரொட்டி பொங்கி எழுவது அதில்தான். அடுத்த சூட்டில் பன், அதற்கடுத்ததில் கேக், மிச்சமிருக்கும் வெதுவெதுப்பில் ரஸ்க். முதல் சூடு எப்போதும் அவருடைய வெள்ளை ரொட்டிக்கு. மகளின் பார்லி ரொட்டிக்குக் கிடைத்ததோ ரஸ்க்குக்கும் பிந்தின சூடு. அதில் வைத்தது செங்கல்லாகத்தான் வெளியே வந்தது. "எடுத்து வை. அடுப்பு எங்கயாவது பிளந்தா வச்சுப் பூசிக்கலாம்" என்றார் பேக்கரிக்காரர்.

தெருக்கோடியில் இருக்கும் பெரிய ஆபீஸ் கேன்டீனில் தினமும் தானிய ரொட்டி வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். நாளைக் காலையில் ருசி பார்ப்பார்கள். முதல் சூடு கிடைத்தால் மகள் ரொட்டியோடு போகலாம். கிடைக்காவிட்டால் செங்கல்லோடு போகவேண்டும்.

அவள் எவ்வளவோ எடுத்துச் சொன்னாள். பார்லியிலும் ஓட்ஸிலும் இருக்கும் நார்ச்சத்து வயிற்றுக்குள் போனதும் கூழ் மாதிரி கொழகொழவென்று ஆகும், மாவுச்சத்து அதற்குள் சிக்கிக்கொண்டு மெதுவாகத்தான் வெளியே வரும், சர்க்கரை மடை திறந்த மாதிரி ரத்தத்தில் பாயாது என்றாள். கடைக்கு வருபவர்கள் வயிற்றில் பசை காய்ச்சுவது நம் தொழில் இல்லை என்றார் அப்பா. குடலில் இருக்கும் நல்ல கிருமிகளுக்கு அந்த நார்தான் சாப்பாடு என்று இவள் மேலும் விளக்க, "கிருமிக்குச் சாப்பாடு போடவா நான் விடியறதுக்கு முன்னாடி எழுந்திருக்கேன்?" என்று எழுந்து போய்விட்டார்.

இதில் இன்னொரு சிக்கல். அவருக்கே சர்க்கரை எல்லைக்கோட்டில் வந்து நிற்பதாக டாக்டர் எச்சரித்திருந்தார். அதைப் பிடித்துக்கொண்டுதான் மகள் மடக்கினாள். ஒரு நாள் அவள் ரொட்டி, மறுநாள் அவர் ரொட்டி, இரண்டும் ஒரே எடை, கூடச் சர்க்கரை போடாத டீ. எந்தக் கோடு குதிக்காமல் இருக்கிறதோ அந்த ரொட்டிக்கு நாளை முதல் சூடு. போட்டியும் அவர்தான் போடுகிறார், சோதனைச்சாலை எலியும் அவர்தான். ஜெயித்தால் உடம்பு சரியாகிவிட்டது என்று அர்த்தமில்லை, தோற்றால் மானம் போய்விடும் என்பது மட்டும் அவருக்கு நிச்சயம்.

நேற்று பார்லி ரொட்டி. கோடு சோம்பேறித்தனமாக எழுந்து நூற்று முப்பத்தெட்டைத் தொட்டு, ஆமை முதுகு மாதிரி வளைந்து இறங்கிவிட்டது. கல்லாக்காரம்மா வருகிற வாடிக்கையாளர்களுக்கெல்லாம் ஃபோனைக் காட்டினாள். "அதை மென்னு முழுங்கவே மத்தியானம் ஆயிடுச்சு. சர்க்கரை எப்ப ஏற?" என்று பேக்கரிக்காரர் தன் தரப்பைச் சொல்லிப் பார்த்தார். யாரும் கேட்கவில்லை. புருஷன் தோற்கவேண்டும் என்று வேண்டிக்கொள்ளும் மனைவியை அவர் அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தார்.

இன்று அவருடைய வெள்ளை ரொட்டி.

சூடாக, பஞ்சாக, தன் கையால் போட்ட ரொட்டி. ரசித்துத்தான் சாப்பிட்டார். டீயைக் குடித்துவிட்டுப் பன் வேலையைப் பார்த்தார். இடையில் ஃபோனை எடுத்துப் பார்த்தார். கோடு ஏணி வைத்து ஏறிக்கொண்டிருந்தது. நூற்று அறுபது. நூற்று எண்பது. இருநூற்று நான்கு.

முன்கடையிலிருந்து மனைவி செருமுவது சுவரைத் தாண்டிக் கேட்டது.

அப்போதுதான் அவருக்கு முந்தின இரவு ஞாபகம் வந்தது. இடப்பக்கம் ஒருக்களித்துத் தூங்கியவருடைய கோடு திடீரென்று சரிய, ஃபோன் கத்த, மகள் எழுந்து வந்து பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை, சென்சார் மேல் படுத்து அமுக்கினால் இப்படித்தான் குறைத்துக் காட்டும், திரும்பிப் படுங்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். மனைவி பாதித் தூக்கத்தில் இருந்ததால் அது அவள் காதில் ஏறவில்லை. இவர் காதில் ஏறியிருந்தது.

பன் சூடு முடிந்ததும் மாவு மூட்டைகள்மேல் கொஞ்ச நேரம் சாய்வது அவர் வழக்கம். யாருக்கும் சந்தேகம் வராது. சரக்கறைக்குப் போனார். இடப்பக்கமாகச் சாய்ந்து, வட்டத்தை மூட்டையோடு சேர்த்து நன்றாக அழுத்தி, வலது கையில் ஃபோனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். கோடு கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு மடங்கியது. நூற்று எழுபது, நூற்று நாற்பது. தங்கமான மெஷின் என்று நினைத்துக்கொண்டார். நூற்று இருபதுக்கு வந்ததும் எழுந்துவிடுவது, வெள்ளை ரொட்டி ஏற்றியதைத் தானே இறக்கிவிட்டது பார் என்று மகளிடம் காட்டுவது என்று திட்டம்.

திட்டத்தில் ஒரு ஓட்டை. விடியுமுன் எழுந்து அடுப்போடு மல்லுக்கட்டிய ஆள், மாவு மூட்டைமேல் தலையைச் சாய்த்தால் என்ன ஆகும் என்று அவர் யோசிக்கவில்லை. ஃபோன் கையிலிருந்து நழுவி இரண்டு மூட்டைக்கு நடுவே விழுந்தது. அவர் தூங்கிவிட்டார். கோடு தூங்கவில்லை.

ஐம்பத்தெட்டு என்று எண் வந்ததும் கல்லாவில் இருந்த ஃபோன் அலறியது.

அந்த நேரத்தில் மகள் பின்வாசலில் மில்காரரோடு நின்றிருந்தாள். பார்லியும் தவிடும் அரைத்துக் கொண்டுவந்து கொடுக்கிற மாவு மில்லின் இளம் முதலாளி அவர். கடைக்கு வாரம் ஒரு மூட்டை போதும். அவர் தினமும் வேனை எடுத்துக்கொண்டு வந்தார். மாட்டுக்குப் போடுவதை மனுஷனுக்கு விற்கிறான் என்று பேக்கரிக்காரருக்கு அவர்மேல் ஒரு கடுப்பு. தினமும் ஏன் வருகிறார் என்பது மட்டும் அவருக்கு இன்னும் தோன்றவில்லை.

மகளின் ஃபோனும் அலற, மூன்று பேரும் இரண்டு பக்கத்திலிருந்து சரக்கறைக்கு ஓடினார்கள். கல்லாக்காரம்மாதான் முதலில் போய்ச் சேர்ந்தாள். புருஷன் வாய் பிளந்து கிடந்தார். முகம் வெளேரென்று வெளுத்துப்போயிருந்தது. அது மைதா என்பது அவளுக்கு அப்போது தோன்றவில்லை.

மில்காரர் குனிந்து, மூட்டையைத் தூக்குகிற லாவகத்தில் பேக்கரிக்காரரைத் தூக்கித் தோளில் சாத்தினார். கண் விழித்த பேக்கரிக்காரருக்குத் தனக்குப் பிடிக்காத மீசை ஒன்று மிக அருகில் தெரிந்தது.

"தம்பி, என்னை எங்க தூக்கிட்டுப் போற?"

"பேசாதீங்க ஐயா. மூச்சை மிச்சம் பண்ணுங்க."

பெஞ்சில் உட்காரவைத்தார்கள். அதற்குள் கல்லாக்காரம்மா பன்மேல் தடவுகிற சர்க்கரைப் பாகைப் பெரிய டம்ளர் நிறைய மொண்டு வந்துவிட்டாள். ஓடி வந்த வேகத்தில் பாதி அவள் கையிலும் அவர் சட்டையிலும் சிந்தியது.

என்ன நடந்திருக்கிறது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. இரண்டே வழி. உண்மையைச் சொல்லலாம். அல்லது குடிக்கலாம்.

குடித்தார்.

இரண்டாவது டம்ளரும் வந்தது. அதையும் குடித்தார். மகளுக்கு முன்னால் ஏமாற்றுக்காரனாக நிற்பதற்குப் பாகே மேல் என்று பட்டது. ஆனால் மகள் அவரையே கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவருடைய இடது கன்னத்தில் சாக்கின் நெசவு அச்சடித்த மாதிரி பதிந்திருந்தது. இடது கையிலும்.

"அப்பா, எந்தப் பக்கம் படுத்திருந்தீங்க?"

"ஞாபகம் இல்ல."

"பாத்தியா, ஞாபகம்கூடத் தப்புது" என்று கல்லாக்காரம்மா அழத் தொடங்கினாள். மில்காரரிடம் வேனைத் திருப்பி வாசலுக்குக் கொண்டுவரச் சொன்னாள், ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றாள்.

ஒரு நிமிஷம் பொறு என்று மகள் விரலில் குத்திப் பார்க்கிற மெஷினை எடுத்து வந்தாள். அப்பாவின் கையைக் கழுவித் துடைத்துக் குத்தினாள். இருநூற்று இருபத்தாறு. ஃபோனில் ஐம்பத்தெட்டு, விரலில் இருநூற்று இருபத்தாறு. இது எந்த ஊர் வியாதி என்று அம்மாவுக்கு இன்னும் பயம் கூடியது. ஒரே உடம்பில் இரண்டு விதமாக ஓடுகிறதென்றால் சும்மா விடக்கூடாது, வேன் எங்கே என்றாள்.

இனி ஒளித்துப் பயனில்லை. பேக்கரிக்காரர் தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"எனக்கு ஒண்ணும் இல்ல. கோடு இறங்கணும்னு வேணும்னே அமுக்கிட்டுப் படுத்தேன். தூங்கிட்டேன். அவ்வளவுதான்."

"உளறாதீங்க. சர்க்கரை இறங்கினா சம்பந்தமில்லாம பேசுவாங்கன்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

"உண்மையைத்தான்டி சொல்றேன்."

"அதான் பயமா இருக்கு. உங்களுக்கு அது வழக்கமில்லையே."

மில்காரர் சிரிப்பை அடக்க மீசையைத் தடவிக்கொண்டார். மகள் அடக்கவில்லை. அம்மா, அப்பா சொல்வது நிஜம்தான், ஃபோனில் வந்ததுதான் தப்பு, இந்த மெஷின் சரி என்று எவ்வளவோ சொல்லியும் அவள் ஏற்கவில்லை. இந்த மெஷின்தான் சரி என்று என்ன நிச்சயம் என்று தன் விரலை நீட்டினாள்.

"என்னைக் குத்து. எனக்கு ஒரு வியாதியும் கிடையாது. எனக்கு ஒழுங்காக் காட்டலைன்னா மெஷின் கெட்டுப்போச்சு, வேன்ல ஏறுங்க."

குத்தினாள். இருநூற்றுத் தொண்ணூற்றாறு.

"பாத்தியா" என்றாள் கல்லாக்காரம்மா வெற்றியோடு. "எனக்கே இவ்வளவுன்னா இதை நம்பி ஒரு மனுஷனை உட்காரவைக்க முடியுமா?"

மகள் குனிந்து பார்த்தாள். அம்மாவின் கையெல்லாம் பாகு. விரலில் சர்க்கரை ஒட்டியிருந்தால் எண் கூடத்தான் செய்யும். சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிவரச் சொன்னாள். கழுவி, துடைத்து, வேறு விரலில் குத்தினாள். இருநூற்று எண்பத்து மூன்று.

மில்காரர் தானாகவே போய்க் கை கழுவிவிட்டு வந்து விரலை நீட்டினார். மகள் அந்த விரலைப் பிடித்துக் குத்தி, ஒரு சொட்டு ரத்தம் வருவதற்குக் கொஞ்சம் அதிகமாகவே பிடித்துக்கொண்டிருந்தாள். பேக்கரிக்காரர் கவனித்தார். வேறொரு நாளாக இருந்தால் அதற்கே ஒரு பஞ்சாயத்து நடந்திருக்கும்.

தொண்ணூற்றேழு. மெஷினுக்கு ஒன்றும் இல்லை.

கல்லாக்காரம்மா ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள்.

"நான் இனிப்பே தொடறதில்லையே" என்றாள். "டீயிலகூட அரை ஸ்பூன்தான்."

மகள் மெல்ல மெல்லக் கேட்டதில் விஷயம் வெளியே வந்தது. ரொட்டியைத் துண்டு போடும்போது விழுகிற ஓரங்களையெல்லாம் அவள் ஒரு தட்டில் சேர்த்துக் கல்லாவுக்கடியில் வைத்துக்கொள்வாள். உடைந்த ரஸ்க்கும் அதிலேயே. விலைக்குப் போகாது, குப்பையில் போட மனசு வராது. காலையிலிருந்து கடை சாத்தும்வரை ஒவ்வொன்றாக வாயில் போட்டுக்கொள்வாள். அதைச் சாப்பாடு என்று அவள் நினைத்ததே இல்லை. தாகம் அதிகமாகத்தான் இருந்தது. அடுப்புச் சூடு என்று நினைத்துக்கொண்டாள். ராத்திரியில் அடிக்கடி எழுந்திருக்கவேண்டி வந்தது. தண்ணீர் நிறையக் குடிக்கிறோமே, அதனால்தான் என்று நினைத்துக்கொண்டாள். வீடே ஒரு மனுஷனின் கையில் ஒட்டிய வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததில், சுவருக்கு அந்தப் பக்கம் யாருமே பார்க்கவில்லை.

இன்று பார்த்ததை மட்டும் வைத்து எதுவும் முடிவாகாது என்றாள் மகள். காலையில் வெறும் வயிற்றில் லேபில் ரத்தம் கொடுக்கவேண்டும், அப்படியே டாக்டரையும் பார்த்துவிடவேண்டும். மருந்து வேண்டுமா, சாப்பாட்டை மாற்றினால் போதுமா என்று அவர்தான் சொல்லவேண்டும். நாளைக்கு எப்படி முடியும், நாளைக்குத்தானே கேன்டீன் என்றாள் அம்மா. லேபை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாமாம்.

சென்சார் ஒட்டிய நாளிலிருந்து பேக்கரிக்காரர் வாங்கிய பேச்சுக்கெல்லாம் திருப்பிக்கொடுக்க இதைவிட நல்ல நேரம் வாய்க்காது. மகள் அதற்குத்தான் பயந்துகொண்டிருந்தாள்.

"பயந்துட்டியா?" என்று மனைவியைக் கேட்டார்.

"இதுக்கா? இதுல என்ன இருக்கு."

"இதுக்கில்ல. நான் அங்க படுத்திருந்தப்ப."

அவள் முந்தானையால் கையைத் துடைத்தாள். கை ஏற்கெனவே துடைத்துத்தான் இருந்தது.

"கல்லாவைத் திறந்தபடியே போட்டுட்டு ஓடி வந்தேன்" என்றாள். "இப்பவும் திறந்துதான் கெடக்கு."

அந்தக் கல்லாவை அவள் திறந்துவைத்துவிட்டு எழுந்ததை இந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை. கடைக்குள் ஒருமுறை மழைத்தண்ணீர் புகுந்தபோதுகூடப் பூட்டிவிட்டுத்தான் நாற்காலிமேல் ஏறினாள். பேக்கரிக்காரர் குனிந்து தன் சட்டையில் சிந்தியிருந்த பாகை வெகு அக்கறையாகச் சுரண்டிக்கொண்டிருந்தார். மில்காரர் புரிந்துகொண்டு, கடையைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி முன்பக்கம் நழுவினார்.

"தவிடு" என்றார் பேக்கரிக்காரர். "நாளைக்கு முதல் சூடு உன்னோடது."

மகளுக்குச் சந்தோஷத்தைவிட ரோஷம்தான் முதலில் வந்தது. பந்தயம்தான் கெட்டுவிட்டதே, இரக்கப்பட்டுக் கொடுக்கவேண்டாம், ஒழுங்காக மறுபடியும் வைத்துக்கொள்ளலாம் என்றாள்.

"உனக்காக யாரு கொடுத்தா? உங்கம்மா நாள் முழுக்க ஏதாவது மெல்லாம இருக்க மாட்டா. அவ மெல்லற மாதிரி ஒரு ரொட்டி இந்தக் கடையில வேணும். செங்கல்லா வந்துதுன்னா, அவ திரும்ப ரஸ்க் தட்டுக்குத்தான் போவா."

"செங்கல்லா வராது. நல்ல சூடு கெடைச்சா வராது. நீங்க பக்கத்துல நின்னு சூடு மட்டும் பாத்துச் சொல்லுங்க, மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

"நான் இருக்க மாட்டேன்."

மகளுக்குப் புரியவில்லை.

"வெறும் வயித்தோட இவளை லேபுக்கு யாரு கூட்டிட்டுப் போறது? தனியா விட்டா பாதி வழியில திரும்பி வந்து கல்லாவுல உக்காந்துக்குவா."

கல்லாக்காரம்மா மறுத்துப் பேச வாயெடுத்தாள். அவர் அவள் பக்கம் திரும்பாமலே, நீ பேசாதே, எனக்கு இன்னும் சர்க்கரை இறங்கித்தான் இருக்கிறது, நான் உளறுவேன் என்றார். அவள் வாயை மூடிக்கொண்டாள். உதட்டோரம் மட்டும் அடங்கவில்லை.

விவரம் தெரிந்த நாளிலிருந்து, அடுப்பு மூட்டிய எந்தக் காலையிலும் அப்பா அந்த அடுப்பை விட்டு நகர்ந்து மகள் பார்த்ததில்லை. காய்ச்சல் வந்த காலைகளில்கூடப் போர்வையோடு வந்து நின்றிருக்கிறார். தணலை எப்போது வாருவது, கல் போதுமான அளவு காய்ந்துவிட்டதா என்பதெல்லாம் அவர் கை பார்த்துச் சொல்லுகிற விஷயம். அவள் தவறாமல் வேடிக்கை பார்த்திருக்கிறாள். ஒருநாளும் தானாக முடிவு செய்ததில்லை. நாளை அவள் தப்பாகக் கணித்தால் பார்லி ரொட்டி மட்டுமல்ல, கடைக்கு அன்றைய ரொட்டியே இருக்காது.

"நான் மட்டும் தனியாவாப்பா?" என்றாள்.

பேக்கரிக்காரர் சுவரில் சாய்த்திருந்த நீண்ட மரத்துடுப்பை எடுத்துவந்தார். அடுப்புக்குள் ரொட்டியைத் தள்ளுவதும் இழுப்பதும் அதில்தான். மகளைவிட அது உயரம். அவள் கையில் கொடுத்தார். எடை தாங்காமல் அதன் நுனி தரையில் போய் இடித்தது.

"பந்தயம் கட்டினப்ப தனியாத்தானே கட்டின?" என்றார் அவர்.

கல்லாவைப் பூட்டிவிட்டு வருவதாகச் சொல்லிக் கல்லாக்காரம்மா எழுந்து போனாள். அவளுக்குப் பின்னாலேயே அவரும் போனார். இத்தனை நாள் அவள் தன்னைக் கண்காணித்ததுபோல, அந்தத் தட்டு இன்னும் கல்லாவுக்கடியில் இருக்கிறதா என்று பார்க்க. மகள் துடுப்பை இரண்டு கையாலும் தூக்கி நிறுத்தி, இன்றைய சூட்டை முழுவதும் விட்டு ஆறிக்கொண்டிருந்த அடுப்பின் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.